பின் அடிக்காத பக்கம்

வெளிநாட்டில் படிக்க வேண்டும் என்று வந்து நின்ற யாரிடமும், பதினேழு வருடத்தில் ஒருநாள்கூட, "எந்த நாடு?" என்று நான் முதல் கேள்வி கேட்டதில்லை. பெருமைக்காகத்தான் இதைச் சொல்கிறேன். அடக்கமெல்லாம் வேலையில் இருந்தபோதே வேண்டிய மட்டும் காட்டியாகிவிட்டது.

போன மாதம் பழைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். திண்டுக்கல்லில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்லும் அலுவலகம் அது. இப்போது இரண்டு பெண்பிள்ளைகள் நடத்துகிறார்கள். ஒரு மாணவன் உட்கார்ந்து கைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தான். மார்க்கைப் போட்டு, நாட்டைத் தொட்டால், எட்டுப் படிப்புகள் வரிசையாக வந்து விழுகின்றன.

"மூணு நிமிஷம்தான்க்கா. நீங்கள்லாம் எப்பிடிச் செஞ்சீங்க?" என்றாள் இருவரில் சின்னவள்.

"மூணு வாரம் ஆகும்" என்றேன்.

சிரித்தாள். "அதையே எழுதிக் குடுங்களேன்" என்றாள். எழுதிவிட்டேன். சிரிக்கிறவர்கள் கடைசிவரை படித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

நான் பிலோமினா. பி.ஏ.வும் டைப்ரைட்டிங் ஹையரும் முடித்து, ஒரு கல்லூரி அலுவலகத்தில் தற்காலிக வேலையாக ஏழு வருடம் மாற்றுச் சான்றிதழ் அடித்துக் கொடுத்து, நிரந்தரம் ஆகாமலே வெளியே வந்தவள். அதே கல்லூரியில் கணக்குப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ராயப்பன் சார் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்த அலுவலகத்தைத் திறந்தார். கீழே பூட்டுக்கடை, மேலே எங்கள் இரண்டு அறை. வேலை கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடத்தில் நான் செய்ததெல்லாம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு ஏரோகிராமில் கடிதம் எழுதி, அவர்கள் இலவசமாக அனுப்பும் ப்ராஸ்பெக்டஸ்களை வாங்கி அலமாரியில் அடுக்கியதுதான்.

தபாலில் ப்ராஸ்பெக்டஸ் வந்ததும் சார் முதலில் செய்யும் காரியம் ஒன்று உண்டு. ஸ்டேப்ளரை எடுத்து, முன்பக்கத்து வண்ணப் படங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பின் அடித்துவிடுவார். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. ஏரி, பாலம், புல்தரையில் உட்கார்ந்து சிரிக்கும் நாலு பேர் எல்லாம் உள்ளே போய்விடும். "முன்னாடி இருக்கிறது கடைக்காரன் பேச்சு பிலோமினா. சரக்கு பின்னாடி இருக்கு" என்பார். "புல்லுல உக்காந்து சிரிக்கிறதுக்கு நம்ம மலைக்கோட்டை போதாதா?"

சரக்கு என்று அவர் சொன்னது கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும் பாடப் பட்டியலை. அதைப் பார்ப்பதற்கு முன்னால் மாணவர் ஒரு சீட்டு எழுத வேண்டும். கால் பக்கத் தாள், ஒரே ஒரு வரி. படித்து முடிக்கும்போது உனக்கு எதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்? "நல்ல வேலை கிடைக்குமா?" என்று எழுதிக் கொடுத்தால் சார் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். குரல் உயராது. துடைக்கிற நேரத்தை வைத்துத்தான் கோபத்தை அளக்க வேண்டும். துடைத்து முடித்து, "அது வேலை குடுக்குறவன்கிட்ட கேக்க வேண்டியது தம்பி. நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிடுவார்.

கேள்வி வந்த பிறகு என் வேலை தொடங்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பாடம் எந்தெந்தப் படிப்பில், எந்த வருடத்தில் வருகிறது என்று அலமாரி முழுக்கத் தேடுவேன். பட்டியல் அடித்துக் கொடுப்பேன். மாணவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு பாடமும் என்னவென்று அப்பா அம்மாவுக்குத் தமிழில் சொல்லிப் பழகிவந்து, எங்கள் முன்னால் அவர்களுக்கே ஒருமுறை சொல்ல வேண்டும். பெற்றவர்களுக்குப் புரிந்தால் நான் டிக் போடுவேன். பாதிக்கு மேல் டிக் விழாத படிப்பைச் சார் அடித்துவிடுவார். "தனக்குப் புரிஞ்சிருந்தா அம்மாவுக்குச் சொல்லத் தெரியும்" என்பது அவர் கணக்கு.

ரெட்டியார்சத்திரத்திலிருந்து வந்த ஒரு அப்பா இதற்கெல்லாம் மசியவில்லை. அவருக்கு ஊர் முடிவாகிவிட்டது. அந்த ஊரில் என்ன படிப்பு இருக்கிறதோ அதைப் பையனுக்குக் கொடுத்தால் போதும். "எங்க பெரியம்மா மகன் ஆஸ்திரேலியாவுல இருக்கான் சார். சனி ஞாயிறு அங்க போயிச் சோறு தின்னுக்கிருவான்" என்றார். சார் உலகப்படத்தை விரித்து, ஸ்கேலை வைத்துத் தூரத்தை அளந்தார். பெரியம்மா மகன் இருந்தது மேற்குக் கடற்கரை. பையன் போகவிருந்தது கிழக்குக் கடற்கரை. "திண்டுக்கல்லேர்ந்து டெல்லிக்குப் போறதவிடத் தூரம்ங்க. சோறு ஆறிப்போயிரும்" என்றார். அந்த அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். எங்கே போனாலும் சொந்தக்காரன் வீடு எது என்று கேட்டுவிட்டுத்தானே நாம் டிக்கெட்டே எடுக்கிறோம்.

பேகம்பூர் இதாயத், கம்ப்யூட்டர் படிக்கணும் என்று சொல்லிக்கொண்டு வந்தவன். அந்த நாளில் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். மூன்று முறை சீட்டைத் திருப்பிக் கொடுத்த பிறகு, எரிச்சலில், "எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணிய கொதிக்க வச்சா பாத்திரத்துல ஏன் வெள்ளையாப் படியுது?" என்று எழுதிப் போட்டான். அது போதும் என்றார் சார். நிலத்தடி நீர் பற்றிய படிப்பை இங்கிலாந்தில் தேடிப் பிடித்தேன். இன்றைக்கு அவன் வளைகுடா நாட்டில் குடிநீர் சோதிக்கும் பெரிய அதிகாரி. ஒவ்வொரு பெருநாளுக்கும் அவன் வீட்டிலிருந்து எனக்குப் பிரியாணி வந்துவிடும்.

இதெல்லாம் சும்மா தொட்டுக்கொள்ள. நான் சொல்ல வந்தது ஸ்டெல்லாவின் கதை.

ஸ்டெல்லா வெள்ளோட்டுப் பக்கத்துப் பிள்ளை. அப்பா பாக்கியநாதன் திராட்சை விவசாயி. கல்கால் நட்டுக் கம்பி இழுத்த பந்தலில் பன்னீர் திராட்சை, ஒன்றரை ஏக்கர். பிள்ளை பி.எஸ்சி. தாவரவியலில் நல்ல மார்க். எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் படித்த பெண்ணுக்கு அடுத்த படி பி.எட்., அதற்கடுத்து டீச்சர் வேலை. இதை யாரும் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை, ஞானஸ்நானம் மாதிரி தானாக நடக்கும். ஸ்டெல்லாவுக்கு அதில் விருப்பமில்லை. உள்ளே வந்ததும், நாங்கள் சொல்வதற்கு முன்னாலேயே சீட்டை வாங்கி எழுதினாள்:

"வருஷத்துல ரெண்டாவது மகசூல்ல மட்டும் எங்க பழம் ஏன் வெடிக்குது?"

சார் அந்தச் சீட்டை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. ஃபைலின் முதல் பக்கத்தில் அவரே பின் அடித்து வைத்தார்.

பத்து நாள் தேடினேன். ஆஸ்திரேலியாவில் ஒரு பல்கலைக்கழகம். திராட்சை வளர்ப்பும் ஒயின் தயாரிப்பும், முதுகலை, ஜூலையில் சேர்க்கை, தேர்வாகிறவர்களுக்கு உதவித்தொகை. பழத்தோல், நீர், மழை, நோய் என்று அவள் கேள்வியைச் சுற்றிலும் பாடங்கள். பட்டியலை அன்றைக்கே அடித்துக் கொடுத்தேன்.

பாடம் சொல்லும் நாள் பாக்கியநாதன் அண்ணன் ஸ்டெல்லாவோடு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை. உட்கார்ந்ததும் அவர் கேட்டது: "ஏந்தங்கச்சி, ஒயின்னு போட்டுருக்காகளாமே? எம்பிள்ள சாராயம் காச்சவா அம்புட்டுத் தூரம் போகணும்?"

"பூசையில சாமியார் கையில எடுக்கிறது என்னண்ணே, எளநியா?" என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். ஒயின் பேச்சு அதோடு முடிந்தது.

ஸ்டெல்லா ஒவ்வொரு பாடமாகச் சொன்னாள். வேர் பற்றிச் சொன்னபோது அவர் தலையாட்டினார். சாம்பல் நோய் வந்தபோது அவரே இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொன்னார். டிக், டிக் என்று போட்டுக்கொண்டே போகிறேன். அந்த நேரம் பார்த்து அவர் மேசையிலிருந்த ப்ராஸ்பெக்டஸைக் கையில் எடுத்து, முன்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து, நகத்தால் பின்னை நெம்பி எடுத்துவிட்டார். திராட்சைக்கொடிக்குக் கட்டுப் போட்டுப் பழகிய விரல். மூன்று பின்னும் ஒரு நொடியில் வந்துவிட்டன.

உள்ளே பக்கம் முழுக்க ஒரு படம். நேர் நேராக நூறு வரிசைத் திராட்சைக்கொடி. ஒரு கொடியிலும் ஒரு இலை இல்லை. கறுத்த கட்டைகள், காய்ந்த குச்சிகள்.

அண்ணன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏத்தா, இது பட்டுப்போன தோட்டம்ல?" என்றார் மகளிடம். ஸ்டெல்லா வாங்கிப் பார்த்தாள். "ஒண்ணு ரெண்டு இல்ல, தோட்டமே பட்டுக் கெடக்கு. இதப் படம் புடிச்சுப் புத்தகத்துல வேற போட்டுருக்கான். திராச்ச வளக்கத் தெரியாதவன்கிட்டயா எம்பிள்ள திராச்ச படிக்கப் போறா?"

நான் சாரைப் பார்த்தேன். பத்து வருடமாக முன்பக்கத்தை மூடி மூடியே வைத்தவர். அவருக்கு அந்தப் படமே புதிது. "பழைய படமா இருக்கும்" என்று முனகினார். அவர் முனகி நான் கேட்டது அன்றுதான்.

அண்ணன் எழுந்தேவிட்டார். ஸ்டெல்லா எழவில்லை. "அப்பா, போன ஐப்பசியில எத்தன குலை வெடிச்சுது?" என்றாள். அவர் மஞ்சள் பையைக் கையில் எடுத்தார். "பட்டதோ படாததோ, என் கேள்விக்குப் பதில் சொல்ற பாடம் அந்தப் புத்தகத்துலதான் இருக்கு. பி.எட். புத்தகத்துல இல்லப்பா."

அவர் வாசல்வரை போனார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒரே ஒரு தடவ எழுதிப் போடுங்க தங்கச்சி. ஜூன்ல பி.எட். பாரம் குடுப்பாக. அதுக்குள்ள வந்தா வந்தது. வல்லைன்னா டீச்சர்தான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அவளுடைய விண்ணப்பக் கட்டுரையை நான்தான் டைப் அடித்தேன். எங்கள் ஊரில் வருடத்துக்கு இரண்டு முறை கவாத்து, அதாவது கொடியை வெட்டி விடுவது; வருடத்துக்கு இரண்டு மகசூல்; கோடை மகசூல் நன்றாக வருகிறது, மழைக்கால மகசூலில் பழம் வெடிக்கிறது. எல்லாம் அவள் சொன்னது சொன்னபடி. ஜனவரியில் அனுப்பினோம்.

மார்ச்சில் ஈமெயில் வந்தது. மரியாதையான நாலு வரி. "ஒரே கொடியில் ஆண்டுக்கு இரண்டு அறுவடை என்று குறிப்பிட்டுள்ளீர்கள். இது தவறு என்று எங்கள் பரிசீலனைக் குழு கருதுகிறது. விவரங்களின் நம்பகத்தன்மை பற்றி விளக்கம் தேவை." மூன்று வாரம் அவகாசம்.

நம்பகத்தன்மை என்ற வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. என் கையால் அடித்த கடிதம் பொய் என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

சார் கண்ணாடியைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். "டைப்பிங்ல பிழைன்னு எழுதிரலாம் பிலோமினா. ரெண்டை ஒண்ணாக்கிருங்க. ஒரு வார்த்தைதானே. அவங்க நம்புற மாதிரி இருக்கும், இடமும் போகாது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அவர் முதலாளி. பேப்பரை மிஷினில் சொருகினேன்.

ஸ்டெல்லா அப்போது எதிரில்தான் இருந்தாள். "சார், ஒண்ணுன்னு எழுதினா என் கேள்வியே இல்லாமப் போயிருமே" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். கையை நீட்டி ஃபைலைத் திறந்து, முதல் பக்கத்தில் சாரே பின் அடித்து வைத்திருந்த சீட்டை அவர் பக்கம் திருப்பினாள்.

'ரெண்டாவது மகசூல்ல மட்டும்.'

சார் அதைப் படித்தார். மிஷினிலிருந்து பேப்பரை அவரே உருவி, நாலாய்க் கிழித்துக் கூடையில் போட்டார். "மன்னிச்சுக்கம்மா" என்றார். ஒரு மாணவியிடம் அப்படிக் கேட்ட முதலாளியிடம் வேலை பார்த்தேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

சரி, ரெண்டு என்று எப்படி நிரூபிப்பது? அரசு அலுவலகம் ஒன்றில் சான்று கேட்டுப் போனேன். அங்கிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ரெண்டு வெள்ளாமங்கிறது ஊருக்கே தெரியுமேம்மா. எல்லாத்துக்கும் தெரிஞ்சதுக்கு எதுக்குச் சான்றிதழ்? சூரியன் கெழக்க உதிக்குதுன்னு குடுக்கச் சொல்லுவீங்க போல" என்று அனுப்பிவிட்டார். அவர் மேலும் தப்பில்லை. இரண்டு வாரம் ஓடிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டுப் பக்கம் என் தங்கை வீட்டுக்குப் போனவள், அங்கேயே பூசைக்குப் போனேன். பூசை முடிந்து, சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் எழுந்து நின்று காணிக்கைப் பட்டியல் வாசித்தார். அந்தப் பக்கம் அது வழக்கம். எந்தத் தோட்டத்தில் அறுத்தாலும் முதல் குலை கோயிலுக்கு வரும். யார் கொண்டுவந்தது என்று உபதேசியார் நோட்டில் எழுதி, ஞாயிறு அன்று சத்தமாக வாசிப்பார். "பாக்கியநாதன் குடும்பம், கீழத்தோட்டம், முதல் குலை" என்று காதில் விழுந்ததும் நான் பீடத்தைப் பார்த்துக் கும்பிட்டேனோ உபதேசியாரைப் பார்த்துக் கும்பிட்டேனோ, தெரியாது.

பூசை கலைந்ததும் அந்த நோட்டை வாங்கிப் புரட்டினேன். ஆறு வருடத்து நோட்டு. ஒவ்வொரு வருடமும் கீழத்தோட்டத்து முதல் குலை இரண்டு முறை வந்திருந்தது. தேதி, பெயர், தோட்டம். ஒரு வருடம் மட்டும் மழைக்காலத்து வரிக்கு எதிரே உபதேசியார் தன் கையெழுத்தில், "பழம் வெடிப்பு, பாதிக் குலைதான்" என்று எழுதியிருந்தார். கேள்விக்கே சாட்சி கிடைத்துவிட்டது. பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து, வரிக்கு வரி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, பங்குச் சாமியாரிடமும் நோட்டரியிடமும் முத்திரை வாங்கினேன். ஒரு புள்ளி, கமா விடாமல் இரண்டு நாள் அடித்தேன். கூரியரில் போட்டேன், ஸ்கேன் எடுத்து ஈமெயிலிலும் அனுப்பினேன்.

ஏப்ரல் போனது. மே பாதி போனது. பி.எட். பாரம் பற்றிப் பேப்பரில் விளம்பரம் வந்துவிட்டது. பாக்கியநாதன் அண்ணன் அதைக் கத்தரித்து மகளிடம் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

பதில் வந்த அன்று நான் பிரிண்ட் எடுத்துப் படித்து முடிக்கவே இல்லை. பாதியில் கண் மறைத்துவிட்டது. சார்தான் வாங்கி வாசித்தார். எழுதியது குழு அல்ல, அந்தத் துறையின் பேராசிரியை. "தவறு எங்களுடையது. எங்கள் கொடிகள் குளிர்காலத்தில் இலையையெல்லாம் உதிர்த்துவிட்டுத் தூங்கும், வசந்தத்தில் விழிக்கும், ஆண்டுக்கு ஒரு முறைதான் காய்க்கும். தூங்காத கொடிகளைப் பார்த்து வளர்ந்த ஒரு மாணவி எங்களுக்கு இதுவரை கிடைத்ததில்லை. உங்கள் ஆலயத்தின் நோட்டை வகுப்பில் காட்ட அனுமதி உண்டா?" கீழே இடமும் உதவித்தொகையும்.

சார் எழுந்துபோய் அலமாரியிலிருந்து அந்த ப்ராஸ்பெக்டஸை எடுத்து, இலையில்லாத படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "தூங்குது பிலோமினா" என்றார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கீழே பூட்டுக்கடைக்காரர் மேலே வந்து பார்த்தார்.

பாக்கியநாதன் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "கொடி தூங்குமா? நாப்பது வருஷமா எங்கொடி ஒருநாத் தூங்கி நாம் பாத்ததில்ல" என்றார். வாக்குக் கொடுத்தவர், அதனால் அனுப்பினார். விமான நிலையத்தில் மகளுக்கு அவர் சொன்ன புத்தி ஒன்றே ஒன்றுதான் என்று ஸ்டெல்லா எனக்குப் பிறகு எழுதினாள்: "போன ஒடனே ஒரு குச்சிய ஒடிச்சுப் பாரு. உள்ள பச்சை இல்லைன்னா அடுத்த பிளேனப் புடிச்சு வந்துரு."

ஒடித்துப் பார்த்திருக்கிறாள். பச்சை இருந்திருக்கிறது. போனில் சொன்னாளாம், அவர் நம்பவில்லையாம்.

அந்த வருடம் நவம்பர் கடைசி, நல்ல மழை. அண்ணன் நனைந்துகொண்டே படியேறி வந்தார். சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே ஒரு போட்டோ. ப்ராஸ்பெக்டஸ் படத்தை எடுத்தவர் எங்கே நின்றாரோ, அதே இடத்தில் நின்று ஸ்டெல்லா எடுத்திருக்கிறாள். அதே மேடு, அதே நூறு வரிசை. மண் தெரியாமல் பச்சை. அப்பா நம்ப வேண்டுமே என்று, முதல் கொடிக்குப் பக்கத்தில் அவள் வீட்டிலிருந்து கொண்டுபோன குடை.

"அம்புட்டும் முழிச்சிருச்சு தங்கச்சி" என்றார். மேலே ஏதோ சொல்ல வந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழைத் தண்ணீர் என்றே நானும் நினைத்துக்கொண்டேன்.

பிறகு போட்டோவை என் மேசையில் வைத்தார். "இத அந்தப் புத்தகத்துல, அந்தப் படத்துக்குப் பக்கத்துல ஒட்டிருங்க. இல்லைன்னா அடுத்து வாரவன் பயந்துபோயிப் பிள்ளைய அனுப்பாம இருந்துருவான்."

கோந்து எடுத்து ஒட்டினேன். சார் ஸ்டேப்ளரோடு வந்தார். ஏரிக்கு ஒரு பின், பாலத்துக்கு ஒரு பின், புல்தரையில் சிரிப்பவர்களுக்கு ஒரு பின். திராட்சைத் தோட்டம் வந்தது. பக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டு, ஸ்டேப்ளரை மேசைமேல் வைத்துவிட்டார்.